பெக்கின் வயிற்றுவலியும் சோன்யாவின் கழுத்தும்

துப்பறியும் நாவல் ரசிகர்கள் நாலு பேர் கூடிப் பேசும்போது கவனித்துப் பாருங்கள். கொலையுண்ட பெண்ணின் பெயர் பாதிப் பேருக்கு மறந்திருக்கும். விசாரித்த போலீஸ்காரருக்கு வயிற்றில் என்ன கோளாறு, அவர் மனைவியோடு ஏன் பேசுவதில்லை, இரவில் தூக்கம் வராமல் என்ன செய்தார் என்பதெல்லாம் எல்லாருக்கும் நினைவிருக்கும். இதை ஞாபகமறதி என்று நான் ஏற்கவில்லை. யாருடைய வலி கதை, யாருடைய சாவு வெறும் துப்பு என்று இந்த நாவல்கள் நமக்குக் கற்றுக்கொடுத்திருக்கின்றன. பாடத்தை நாமும் நன்றாகவே படித்திருக்கிறோம்.

ஸ்வீடனின் மாய் ஷோவாலும் பெர் வாலோவும் சேர்ந்து எழுதிய மார்ட்டின் பெக் நாவல்களை வைத்தே இதைப் பேச வேண்டும். 1965இல் ‘ரோஸன்னா’வில் தொடங்கி 1975இல் ‘பயங்கரவாதிகள்’ வரை பத்து நாவல்கள். நாவலுக்கு முப்பது அத்தியாயம் வீதம் முந்நூறு அத்தியாயத்தில் ஒரே பெருங்கதை என்று இருவரும் திட்டமிட்டார்கள். எல்லா நாவலுக்கும் ஒரே துணைத்தலைப்பு: ஒரு குற்றத்தின் கதை. அந்தக் குற்றவாளி ஸ்வீடன் அரசுதான். மக்கள்நல அரசு என்று உலகமே மெச்சிய நாட்டில் முதியவர்கள் தனிமையில் சாவதையும், இளைஞர்கள் போதையில் அழிவதையும், போலீஸ் ஒரு படையாக வீங்குவதையும் இவர்கள் எழுதினார்கள். ஒற்றை மேதைக்குப் பதிலாக, ஒரு பிரிவே சேர்ந்து மாதக்கணக்கில் கோப்புகளைப் புரட்டுகிற சலிப்பூட்டும் வேலையாகத் துப்பறிதலைக் காட்டினார்கள். ஆங்கிலம் வழியாக வாசிக்கிற நம்மில் பலருக்கு இடதுசாரி மனசாட்சியோடு துப்பறியும் கதை எழுத முடியும் என்று காட்டியவர்கள் இவர்களே.

அதனால்தான் இந்த நாவல்களை எடுத்துக்கொள்கிறேன். மட்டமான கதைகளில் பெண் மட்டமாக நடத்தப்படுவதைச் சொல்ல ஒரு கட்டுரை தேவையில்லை. நல்ல கதைகளில், நமக்குப் பிடித்த கதைகளில் என்ன நடக்கிறது என்பதே கேள்வி.

எங்கள் வாசிப்பு வட்டத்தில் பத்து நாவல்களையும் மாதம் ஒன்றாக வரிசைப்படி மறுபடி வாசித்தோம். ஏற்கெனவே இரண்டு மூன்று முறை வாசித்தவர்கள்தான் எல்லாரும். பெண்களைப் பற்றி யாராவது பேச்செடுத்த போதெல்லாம் மூன்று பதில்கள் தயாராக இருந்தன. அந்தக் காலம் அப்படி. எழுதியவர்களில் ஒருவர் பெண். அவர்கள் இடதுசாரிகள், அவர்களுடைய இலக்கு அரசு. மூன்றுமே நாகரிகமான பதில்கள். மூன்றுமே தப்பிக்கும் வழிகள்.

முதலில் ‘ரோஸன்னா’ என்ன செய்கிறது என்று பார்ப்போம். மொட்டாலாவுக்கு அருகே யோத்தா கால்வாயில் தூர்வாரும்போது ஒரு பெண்ணின் உடல் சேற்றோடு மேலே வருகிறது. ஆடை இல்லை, பெயர் இல்லை. அவள் ரோஸன்னா மெக்ராவ், அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் லிங்கன் நகரத்து நூலகர், வயது இருபத்தேழு, தனியாகக் கப்பலில் சுற்றுலா வந்தவள் என்று தெரிய மாதங்கள் ஆகின்றன. அமெரிக்கப் போலீஸ் அதிகாரி அவளுடைய அறைத்தோழியிடமும் முன்னாள் காதலனிடமும் எடுத்த வாக்குமூலங்கள் வருகின்றன. அவள் யாருடனெல்லாம் படுத்தாள், எப்படி, எத்தனை முறை என்பதே அவற்றின் பெரும்பகுதி. எந்த நூல்களை நேசித்தாள், ஏன் தனியாகப் பயணம் வந்தாள் என்பதற்கு அங்கே இடம் குறைவு.

நாவல் அவளைப் பழிக்கவில்லை, இதை ஒப்புக்கொள்ள வேண்டும். தன் இச்சையைத் தானே தீர்மானித்த பெண்ணாகத்தான் அவள் வருகிறாள். கொன்றவன் ஃபோல்கே பெங்ட்சன் அப்படிப்பட்ட பெண்களை அருவருக்கிற ஒழுக்கவாதி. 1965இல் ஒரு துப்பறியும் நாவல் ஒழுக்கவாதியைக் கொலைகாரனாக நிறுத்தியது பெரிய விஷயம். ரசிகர்கள் இந்த இடத்தில் கைதட்டி நின்றுவிடுகிறார்கள். நான் அடுத்த பக்கத்தையும் புரட்டச் சொல்கிறேன்.

சுற்றுலாப் பயணிகள் எடுத்த புகைப்படங்களையும் ஒரு படச்சுருளையும் தேடிப் பிடித்து, பெங்ட்சன்தான் என்று போலீஸ் முடிவுக்கு வருகிறது. நிரூபிக்க வழியில்லை. பெக் என்ன செய்கிறார்? சோன்யா ஹான்சன் என்ற இளம் பெண் போலீஸை அழைக்கிறார். ரோஸன்னாவைப் போன்ற ஒருத்தியாக அவள் நடிக்க வேண்டும். அவன் கண்ணில் பட வேண்டும், தாராளமானவள் என்று அவன் நம்ப வேண்டும், வீடு தேடி வர வேண்டும். ஆண்கள் தெருவில் காவல் இருப்பார்கள். அவன் வருகிறான். காவலுக்கு இருந்தவர்கள் தாமதமாகிறார்கள். அவர்கள் உள்ளே பாயும்போது அவன் கை சோன்யாவின் கழுத்தில் இருக்கிறது.

வழக்கு முடிந்தது. கதையும் முடிந்தது. சோன்யாவின் கழுத்தைப் பற்றி ரசிகர்கள் பேசி நான் கேட்டதில்லை. பெக் எவ்வளவு குற்றவுணர்வில் தவித்தார் என்று பேசக் கேட்டிருக்கிறேன். அவளை அனுப்பியவரின் தவிப்பு நமக்கு இலக்கியம். அவள் அடைந்த பயம் கதைக்குத் தேவையான ஒரு திருப்பம்.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. சுதந்திரமான பெண் ஆணைத் தூண்டுகிறாள் என்பது கொலைகாரனின் கொள்கை. போலீஸ் அந்தக் கொள்கையை மறுக்கவில்லை, அதை வைத்தே பொறி அமைத்தது. பொறிக்குள் கட்டிவைக்க இன்னொரு பெண்ணுடல் வேண்டியிருந்தது. பெண்ணைப் பற்றிக் கொலைகாரனும் அரசும் ஒரே கணக்கைப் போடுகிறார்கள் என்று சொல்ல இதைவிடச் சிறந்த கதை கிடைக்காது. ஆனால் நாவல் அதைச் சொல்லவில்லை. சொல்லாமல் தாண்டிப்போவதற்கு நாமும் துணைபோகிறோம்.

இப்போது முதல் பதில்: அந்தக் காலம் அப்படி. எந்தக் காலம்? ‘ரோஸன்னா’ வெளியான அதே 1965ஆம் ஆண்டு ஜனவரி 1 அன்று ஸ்வீடனில் புதிய குற்றவியல் சட்டம் நடைமுறைக்கு வந்தது. மனைவியைக் கணவன் வல்லுறவு செய்வதும் குற்றம் என்று அந்தச் சட்டம் சொன்னது. 1968இல் ஸ்டாக்ஹோமில் எட்டுப் பெண்கள் கூடித் தொடங்கிய ‘குரூப் 8’ பெரிய பெண்ணிய இயக்கமாக வளர்ந்தது. கணவனுக்கும் மனைவிக்கும் தனித்தனி வருமானவரி என்ற முறை 1971இல் வந்தது. பெண்ணின் முடிவே போதும் என்ற கருக்கலைப்புச் சட்டம் 1975இன் தொடக்கத்தில் அமலானது. பத்து நாவல்களும் எழுதப்பட்ட பத்து ஆண்டுகள் இவைதாம். அந்தக் காலத்தில் பெண்கள் வீதியில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். ‘அந்தக் காலம்’ என்று சொல்கிறவர் அந்தக் காலத்து ஆண்களை மட்டும்தான் எண்ணிக்கையில் சேர்க்கிறார்.

அதோடு, யார் இதைச் சொல்வது? 2023இல் நிறைவேற்றிய பாரதிய நியாய சன்ஹிதாவிலும் பதினெட்டு வயதைக் கடந்த மனைவி விஷயத்தில் கணவனுக்கு விலக்கு அளித்துவைத்திருக்கும் இந்தியாவில் உட்கார்ந்துகொண்டு, 1965இன் ஸ்வீடனைப் பார்த்து ‘பாவம், பழைய காலம்’ என்கிறோம். நம் காலத்துக்கு என்ன பெயர் வைப்பது?

இரண்டாவது பதில்: எழுதியவர்களில் ஒருவர் பெண். ஆமாம். குழந்தைகள் தூங்கிய பிறகு, இரவில், ஆளுக்கு ஓர் அத்தியாயம் என்று இருவரும் கையால் எழுதினார்கள். கடைசி நாவல் வெளிவந்த 1975இலேயே வாலோ இறந்தார். ஷோவால் 2020வரை இருந்தார். ஆனாலும் எங்கள் வட்டத்திலேயே, வாலோ அரசியலைக் கொடுத்தார், ஷோவால் நடையைக் கொடுத்தார் என்று பங்கு பிரிக்கிறவர்கள் இருக்கிறார்கள். மூளை ஆணுக்கு, அலங்காரம் பெண்ணுக்கு. பெண் எழுதினார் என்பதைக் கேடயமாகப் பிடிக்கும்போது மட்டும் ஷோவால் முழு ஆசிரியர் ஆகிவிடுகிறார்.

பெண் எழுதினால் பெண் காப்பாற்றப்படுவாள் என்பதும் மூடநம்பிக்கைதான். ‘ரோஸன்னா’ எப்படிப் பிறந்தது என்று ஷோவாலே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். இருவரும் கால்வாயில் கப்பல் பயணம் போனார்கள். கப்பலில் அழகான அமெரிக்கப் பெண் ஒருத்தி தனியாக நின்றிருந்தாள். வாலோவின் பார்வை அவள்மீது போவதை ஷோவால் பார்த்துவிட்டார். இவளைக் கொன்றே நாவலைத் தொடங்கலாமே என்றார். ரசிகர்கள் இதைச் செல்லமான பொறாமைக் கதையாகச் சொல்லிச் சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பார்த்தது ஆண். தண்டனை பார்க்கப்பட்டவளுக்கு. வேடிக்கைப் பேச்சுதான், ஆனால் ஆணாதிக்கம் பெண்களுக்குள்ளும் எவ்வளவு சரளமாகப் பேசும் என்பதற்கு இது சான்று. ஷோவாலைக் குற்றக்கூண்டில் ஏற்றுவதற்காக இதைச் சொல்லவில்லை. அவர் பெயரை நம் சௌகரியத்துக்குச் சான்றிதழாக நீட்டாதீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

மூன்றாவது பதில் கொஞ்சம் கனமானது: அவர்கள் இடதுசாரிகள், இலக்கு அரசு. இதற்கு ‘சிரிக்கும் போலீஸ்காரன்’ நாவலிடம்தான் போக வேண்டும். 1968இல் வந்தது. ஆங்கில மொழிபெயர்ப்புக்கு 1971இல் அமெரிக்காவின் எட்கர் விருது கிடைத்தது. பத்தில் பலருக்கும் பிடித்தது இதுதான். வியட்நாம் போருக்கு எதிரான ஆர்ப்பாட்டத்தைப் போலீஸ் அடித்துக் கலைக்கிற இரவில், ஸ்டாக்ஹோமில் ஓர் இரட்டை அடுக்குப் பேருந்தில் ஒன்பது பேர் சுடப்படுகிறார்கள். ஒருவர் பெக்கின் பிரிவைச் சேர்ந்த இளம் துப்பறிவாளர் ஸ்டென்ஸ்ட்ரோம். யாருக்கும் சொல்லாமல், பதினாறு ஆண்டுகளாகத் துலங்காத ஒரு வழக்கை அவர் தோண்டிக்கொண்டிருந்திருக்கிறார். 1951இல் கொல்லப்பட்ட தெரேசா கமராவோ என்ற போர்ச்சுகீசியப் பெண்ணின் வழக்கு.

தெரேசா மணவாழ்விலிருந்து வெளியேறிப் பல ஆண்களோடு பழகியவள். கோப்பு அவளுக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறது: நிம்ஃபோமேனியாக். காமப்பித்துப் பிடித்தவள். அந்தச் சொல் பதினாறு ஆண்டுகளாக அவள் முகவரியாக இருக்கிறது. நாவல் அரசின் ஒவ்வொரு சொல்லையும் சந்தேகிக்கிறது. புள்ளிவிவரத்தைக் கிண்டலடிக்கிறது, உயரதிகாரிகளின் அறிக்கைகளைக் கேலி செய்கிறது. இந்த ஒரு சொல்லை மட்டும் மருத்துவ உண்மைபோல ஏற்றுக்கொள்கிறது. அவளைக் கொன்றவன் வசதியான திருமணத்தையும் தொழிலையும் காப்பாற்றிக்கொள்ளக் கொன்ற முதலாளி. வர்க்கக் கணக்கு சரியாக எழுதப்பட்டிருக்கிறது. பால் கணக்கு எழுதப்படவே இல்லை.

இன்னும் மோசமானது ஸ்டென்ஸ்ட்ரோமின் மேசை இழுப்பறையில் இருக்கிறது. அவருடைய துணைவி ஓசா தோரெலின் நிர்வாணப் படங்கள். அவற்றைக் கண்டெடுப்பவர் சக அதிகாரி கோல்பெர்க். ஏன் அந்தப் படங்கள்? தெரேசாவைப் போன்ற ஒரு பெண்ணின் மனதைப் புரிந்துகொள்ள ஸ்டென்ஸ்ட்ரோம் தன் துணைவியையே பரிசோதனைப் பொருளாக்கியிருக்கிறார் என்று பிறகு விளங்குகிறது. துக்கத்தில் உறைந்துபோயிருக்கும் ஓசாவிடம் கோல்பெர்க் படுக்கையறை விவரங்களைக் கேட்டுத்தான் முடிச்சை அவிழ்க்கிறார். எத்தனை ரசிகர்கள் இதைப் புத்திசாலித்தனமான துப்பு என்று எனக்கு விளக்கியிருக்கிறார்கள்! வேலை வெறியில் ஒருவன் தன்னோடு வாழ்பவளின் உடலை வழக்குக் கோப்பில் சேர்க்கிறான். செத்த பிறகு அவனுடைய நண்பர்கள் அந்தக் கோப்பைப் பிரித்துப் பார்க்கிறார்கள். நாம் அதைத் தோழமை என்கிறோம்.

ஓசா பிறகு தானே போலீஸில் சேர்கிறாள். அவளுடைய வாழ்க்கையில் எழுதுவதற்கு ஒரு தனி நாவலே இருக்கிறது. நாவல்கள் அவளுக்குத் தந்தது 1970இல் வந்த ‘சவாய் ஓட்டலில் கொலை’யில் சில காட்சிகளையும், பெக்கோடு ஓர் இரவையும்.

இலக்கு அரசு என்பது உண்மைதான். அரசு என்பது அமைச்சரவையும் தலைமையகமும் மட்டும் என்று நினைத்ததில்தான் கோளாறு. பெக்கின் மனைவி இங்காவைப் பாருங்கள். ‘ரோஸன்னா’ முதலே அவள் குறைசொல்கிறாள், அலுத்துக்கொள்கிறாள், புரிந்துகொள்ள மறுக்கிறாள். நேரங்கெட்ட நேரத்தில் வீட்டுக்கு வந்து, பொம்மைக் கப்பல் செய்யும் மேசைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிற கணவனோடு இரண்டு பிள்ளைகளை வளர்த்தவள் அவள். முந்நூறு அத்தியாயத் திட்டத்தில் ஒரே ஓர் அத்தியாயம்கூட அவள் பக்கமிருந்து இல்லை. சமையலறையில் யார் எத்தனை மணிநேரம் நின்றார்கள் என்ற கேள்வியை இந்த மார்க்சியம் கேட்கவேயில்லை. பிறகு 1972இன் ‘பூட்டிய அறை’யில் ரியா நீல்சன் வருகிறாள். இடதுசாரி, உபசாரி, நன்றாகச் சமைப்பவள், எதையும் கேட்காதவள். எனக்கும் ரியாவைப் பிடிக்கும். ஆனால் களைத்த ஆணுக்கு அவன் உழைக்காமலே கிடைத்த பரிசு அவள் என்பதை மறைக்க முடியாது.

இந்தச் சொத்துதான் வாரிசுகளுக்குப் போயிருக்கிறது. 1987இல் ஸ்காட்லாந்தின் ரீபஸ், 1991இல் ஸ்வீடனின் வாலாண்டர். விவாகரத்து, தூக்கமின்மை, குடி, பிரிந்துபோன மகள் என்று சோகமான போலீஸ்காரர்களின் வரிசை நீளுகிறது. பெக்கிடமிருந்து அரசைப் பற்றிய கோபத்தைக் கொஞ்சமும் வயிற்றுவலியை முழுசாகவும் எடுத்துக்கொண்டார்கள். மனைவி விட்டுப்போவது இந்த வகை நாவலில் நாயகனின் ஆழத்தைக் காட்டும் தகுதிச் சான்று. அவள் ஏன் போனாள் என்று கேட்டால் கதை கெட்டுவிடும்.

அப்படியானால் இந்தப் பத்தையும் தூக்கிப்போடுவதா? இல்லை. தூக்கிப்போடுவதும் வக்காலத்து வாங்குவதும் ஒரே சோம்பலின் இரண்டு பக்கங்கள். இரண்டிலும் மறுபடி வாசிக்கிற வேலை இல்லை. பெக்கைப் பின்தொடராமல் பெண்களைப் பின்தொடர்ந்து இந்த நாவல்களை வாசித்தால் வேறொரு பெருங்கதை கிடைக்கிறது. முதல் நாவலில் பெண் பேச்சற்ற உடல். நான்காவதில் கோப்பில் ஒரு வசைச்சொல். எட்டாவதான ‘பூட்டிய அறை’யில் மோனிடா. விவாகரத்தானவள், வேலை இல்லை, சிறுமி ஒருத்தியை வளர்க்க வேண்டும். தெரிந்தவன் விட்டுப்போன துப்பாக்கியோடு வங்கிக்குள் நுழைகிறாள். தடுக்கப் பாய்ந்த ஒருவன் சாகிறான். இங்கே ஆசிரியர்கள் அவளுடைய வாடகை, அவளுடைய கூச்சம், அவளுடைய கணக்கு எல்லாவற்றுக்கும் உள்ளே போகிறார்கள். போலீஸ் தவறான ஆளைத் தண்டிக்க, அவள் மகளோடு தப்பிக்கிறாள்.

பத்தாவதில் ரெபெக்கா லிண்ட். பதினெட்டு வயதுத் தாய். கடன் கேட்க வெகுளியாக வங்கிக்குப் போனவளைக் கொள்ளைக்காரி என்று நிறுத்துகிறார்கள். குழந்தையின் தந்தை, அமெரிக்கப் படையிலிருந்து ஓடிவந்தவன், நாடு திரும்பச் சிறைப்படுகிறான். எல்லா அலுவலகக் கதவையும் தட்டிவிட்டு, கடைசியில் அவள் பிரதமரைச் சுடுகிறாள். காவலில் தன் உயிரையும் மாய்த்துக்கொள்கிறாள். பதினோரு ஆண்டு கழித்து, 1986 பிப்ரவரியில், பிரதமர் ஓலோஃப் பால்மே ஸ்டாக்ஹோம் தெருவில் சுட்டுக்கொல்லப்பட்டார். அன்றிலிருந்து ரசிகர்களுக்கு ஒரே வியப்பு: முன்கூட்டியே எழுதிவிட்டார்களே! குண்டு யார்மேல் பாய்ந்தது என்பது நினைவிருக்கிறது. சுட்டவள் யார், ஏன் சுட்டாள் என்று கேட்டுப்பாருங்கள், பாதிப் பேர் தடுமாறுவார்கள். கணவன், காதலன், வங்கி, நீதிமன்றம், சமூகநலத் துறை என்று எந்த இடத்திலும் பெண்ணின் சொல் ஏறாத நாடு என்பதுதான் அந்த நாவலின் குற்றச்சாட்டு. நாம் அதை ஜோசியமாக்கிவிட்டோம்.

கால்வாய்ச் சேற்றிலிருந்து பிரதமரின் மரணம்வரை ஆசிரியர்கள் பெண்களை நோக்கி நகர்ந்திருக்கிறார்கள். மெதுவாக, முழுமையில்லாமல், ஆனால் நகர்ந்திருக்கிறார்கள். பத்து ஆண்டில் அவர்கள் வந்த தூரத்தை ஐம்பது ஆண்டில் நாம் வரவில்லை. நமக்கு இன்னமும் பெக்கின் ஜலதோஷம் போதுமானதாக இருக்கிறது.

சக ரசிகர்களிடம் நான் கேட்பது அதிகமில்லை. ஒரு கதையை நேசிப்பது அதன் நாயகனுக்கு ஜாமீன் எடுப்பதாகாது. அடுத்த முறை இந்த நாவல்களைப் பற்றிப் பேசும்போது சோன்யாவிலிருந்து தொடங்குங்கள். அந்த வேலைக்குச் சம்மதமா என்று அவளிடம் கேட்ட விதத்தைப் பேசுங்கள், மறுக்கும் வசதி அவளுக்கு இருந்ததா என்று பேசுங்கள், காவலுக்கு நின்றவர்கள் ஏன் தாமதமானார்கள் என்று பேசுங்கள். ஓசாவின் படங்களை இழுப்பறையிலிருந்து எடுக்க யாருக்கு உரிமை இருந்தது என்று பேசுங்கள். இங்கா அலுத்துக்கொள்ளும் பக்கத்தில் நின்று, அன்று அவள் எத்தனை மணிக்கு எழுந்திருப்பாள் என்று யோசியுங்கள். துப்பறிவதில் நமக்கு அவ்வளவு ஆர்வம் என்றால், துப்பறிய இன்னும் நிறைய மிச்சமிருக்கிறது.